குறுக்கு ராடும் என் சீட்டும்

அந்தக் கார் என் கையால் சுழலவில்லை. மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன், இதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அலோன் பக்கம் போய் விசாரித்தால் இன்றைக்கும் நாலு பேர் வேறு மாதிரி சொல்வார்கள். பொம்பளை பயந்துபோய் ஸ்டியரிங்கை வெட்டிவிட்டாள், கார் சுழன்று டயர் அடுக்கில் போய் முட்டியது என்பார்கள். அந்த நாலு பேரும் அப்போது ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காருக்குள் இருந்தவள் நான்.

வாரநாட்களில் நான் எங்கள் பர்மிய நகரத்தின் நடுவில், கியாக்டடாவில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னத்தில் தனகா மரச்சாந்து பூசி, அதன்மேல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கார் ஓட்டுவேன். ரோட்டில் அல்ல. அலோனில் ஆற்றை ஒட்டி ஒரு பழைய கண்டெய்னர் யார்டு சும்மா கிடக்கிறது. தார் போட்ட தரை. அதில் பழைய டயர்களை முட்டை வடிவத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்து ஒர்க்‌ஷாப்காரர்கள், ரோட்டுக்கு லாயக்கில்லாத பழைய ஜப்பான் கார்களின் கண்ணாடியையும் பின் சீட்டையும் கழற்றிவிட்டு, அங்கே கொண்டுவந்து சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். தோற்றவர்கள் ஜெயித்தவருக்கு மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் வாங்கித் தரவேண்டும். பரிசு அவ்வளவுதான், ஆனால் அந்த ஒரு கிண்ணத்துக்காக மனிதர்கள் எப்படியெல்லாம் முறைத்துக்கொள்வார்கள் என்பதைப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

எங்கள் கார் அப்பா ஓட்டிய டாக்சி. அவருக்குப் பிறகு தம்பியின் ஒர்க்‌ஷாப்பில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அதை ஓட வைத்தவன் தம்பிதான், அதை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனால் அவனுக்கு வட்டமாகச் சுற்றினால் வாந்தி வரும். சின்ன வயதில் ராட்டினத்தில் ஏற்றினால்கூட முகம் வெளுத்துவிடும். அதனால் ஆரம்பத்திலேயே பேசிவைத்தோம். கார் வேலை அவனுக்கு, சீட் எனக்கு. நான் உயரம் குறைவு என்பதால் அவனே சீட்டை முன்னால் தள்ளி, தரையில் புது ஓட்டை போட்டு, போல்ட் முறுக்கித் தந்தான். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அது எனக்குப் பொருந்தியது.

யார்டு ஒரு பர்மியப் பெரியவருடையது. எல்லோரும் அவரை ஊலே என்போம், மாமா என்கிற மாதிரி. அவர் வைத்திருப்பது ஒரே ஒரு நிபந்தனை. யார்டின் நடுவில் ஒரு பெரிய மரம் இருக்கிறது. அதன் அடிமரத்தில் பலகை அடித்து, சிவப்புத் துணி சுற்றிய தேங்காயைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பர்மியர் நாத் என்று கும்பிடுகிற காவல் தெய்வம் அங்கே குடியிருக்கிறது. கார்கள் அந்த மரத்தை வலமாகத்தான் சுற்ற வேண்டும், இடமாகச் சுற்றக்கூடாது. தமிழர்களான எங்களுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. பிள்ளையாரைச் சுற்றினாலும் வலமாகத்தானே சுற்றுகிறோம்? ஆகவே எங்கள் யார்டில் இருக்கிற வளைவெல்லாம் வலது வளைவு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வில்லங்கமும் இங்கேதான் இருக்கிறது.

ஆற்றுப்பக்கத்து வளைவில் எல்லோருமே சுழன்றிருக்கிறார்கள். பாதி வளைவு வரைக்கும் கார் சொன்னபடி கேட்கும், அதற்கப்புறம் பின்பக்கம் திடீரென்று லேசாகிக் கழன்று போகும். ஆண்பிள்ளை ஒருவர் சுழன்றால் ஊலே மரத்தைப் பார்த்துக் கைகூப்புவார். சாமிக்கு என்ன மனக்குறையோ என்று வாழைப்பழம் வைப்பார்கள். சுழன்றவர் முதுகில் தட்டி சிகரெட் கொடுப்பார்கள். நான் சுழன்ற அன்றைக்கு யாரும் வாழைப்பழம் வைக்கவில்லை. எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

"கை நடுங்கிருச்சு போல," என்றார் ஒருவர்.

இன்னொருவர் அதற்கும் மேலே போனார். மரத்துச் சாமிக்குப் பொம்பளை சுற்றுவது பிடிக்கவில்லையோ என்னவோ என்றார். ஊலே ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தன் மருமகனுக்கு நன்றாக ஓட்ட வரும் என்று மட்டும் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான்.

வீட்டுக்கு வரும் வழியில், "கொஞ்ச வாரம் நீ ரெஸ்ட் எடு அக்கா. மருமகப்பிள்ளை ஓட்டட்டும். யார்டு அவங்களோடது, பகைச்சுக்க முடியாது," என்றான்.

"என் கை நடுங்கலடா. பின்பக்கம் தூக்குது."

"தூக்காது. நான் போல்ட்டுக்கு போல்ட் வீடியோவைப் பாத்துச் செஞ்சது."

அந்த வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இதேபோல் தார்த்தரையில், முட்டை வடிவப் பாதையில் கார்கள் ஓடுவதையும் அவற்றின் அடிப்பாகத்தையும் ஒருவர் காட்டுகிற வீடியோ. எங்கள் யார்டு முழுக்க அதைப் பார்த்திருக்கிறது. நெட் வருகிற நேரத்தில் இறக்கி, ஒருவருக்கொருவர் போனில் மாற்றிக்கொண்டார்கள். அதில் இருந்தபடியே தம்பி எங்கள் காரின் பின்பக்கத்தைப் பிரித்துப் புதிதாகப் போட்டிருந்தான்.

பின்பக்கத்தில் இருப்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே ஆக்சில் சேர்க்கிறது. அது முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க நீளவாக்கில் கம்பிகள் உண்டு. பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது ஒரே ஒரு ராடு. அதன் ஒரு முனை காரின் பாடியில் மாட்டியிருக்கும், மறுமுனை ஆக்சிலின் எதிர்ப்பக்கத்தில் மாட்டியிருக்கும். பாடியில் மாட்டிய முனை கொஞ்சம் உயரத்தில், ஆக்சிலில் மாட்டிய முனை கொஞ்சம் தாழ்வில். நாங்கள் அதைக் குறுக்கு ராடு என்போம். வீடியோவில் பாடி முனை வலப்பக்கம் இருந்தது, தம்பியும் வலப்பக்கமே வைத்தான். நீளக் கம்பிகளையும் வீடியோவில் இருந்தபடி ஒன்றைச் சரிவாகவும் இன்னொன்றை மட்டமாகவும் மாட்டினான். பார்க்க அச்சு அசலாக இருந்தது.

எனக்கு விஷயம் பிடிபட்டது பஸ்ஸில். அலுவலகத்துக்குப் போகும் பஸ் சூலே பகோடாவைச் சுற்றித்தான் திரும்பும். உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். இங்கே வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் ஓடுவதால் பஸ் பகோடாவை இடமாகத்தான் சுற்றும்; அப்படிச் சுற்றும்போது கூட்டம் மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற அம்மாளின் சாப்பாட்டுக் கேரியர் என் வலது இடுப்பில் இடித்தது. இடித்தபோதுதான் கவனித்தேன், எனக்கு ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது இடது இடுப்பு. ஞாயிற்றுக்கிழமை சீட்டின் இரும்பு விளிம்பு இடித்துக் கன்றிப்போன இடம் அது. யார்டில் நான் இடப்பக்கம் சாய்கிறேன். பஸ்ஸில் வலப்பக்கம் சாய்கிறேன். வீடியோவில் ஓட்டுகிறவர்களின் தலை எந்தப் பக்கம் சாய்ந்தது? அங்கேயே போனை எடுத்துப் பார்த்தேன். வலப்பக்கம்.

அவர்கள் இடமாகச் சுற்றுகிறார்கள். எங்கள் மரத்துச் சாமிக்காக நாங்கள் வலமாகச் சுற்றுகிறோம். இந்த ஊரில் சாமியைச் சுற்றுகிறவர்களுக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை, அதனால்தான் யாருமே யோசிக்கவில்லை. வளைவை வலமாக வைத்துக்கொண்டு, ராடை மட்டும் இடமாகச் சுற்றுகிற ஊரிலிருந்து அப்படியே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். மொத்த யார்டும்! எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்ப நடந்து அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன்.

சாயங்காலம் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கரண்ட் இல்லை. தம்பி வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான். சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதனால என்ன? ராடு ராடுதான், எந்தப் பக்கம் இருந்தாலும் பிடிக்கும்," என்றான்.

மூலையில் இருந்த துடைப்பக் கட்டையை எடுத்தேன். ஒரு முனையைத் தரையில் ஊன்றி, சரிவாக வைத்து, மறுமுனையை அவன் நெஞ்சுக்குக் கீழே கொடுத்தேன்.

"என் பக்கம் சாய்ஞ்சு வா."

சாய்ந்தான். கட்டை அவனுக்கு முட்டுக் கொடுத்தது. இன்னும் சாய்ந்தபோது குதிகால் தரையை விட்டு எழும்பியது.

"இப்ப உன் காலுக்குப் பிடி இருக்கா?"

"இல்ல."

"அதான் ஆத்துப்பக்கத்து வளைவுல நடக்குது. வலமா திரும்புனா பாடி இடப்பக்கம் தள்ளும். நீ மாட்டுன ராடு அதுக்கு முட்டுக் குடுத்து மேல தூக்குது. டயர் லேசாயிருது." கட்டையைப் போட்டுவிட்டு, அவன் இடுப்பில் கட்டியிருந்த லோன்ஜியின் முடிச்சைப் பிடித்துக் கீழ்நோக்கி ஒரு இழு இழுத்தேன். "பாடி முனையை இடப்பக்கம் மாத்து. அப்ப ராடு முட்டுக் குடுக்காது, இழுக்கும். இழுத்தா கீழ அமுக்கும். அமுக்குனா டயர் பிடிக்கும்."

"லோன்ஜியை விடு அக்கா, கழண்டுரும்!"

"கழண்டா கழலட்டும். எனக்குக் கை நடுங்குதுன்னு தலையாட்டுனியே, அப்ப எங்க போச்சு வெக்கம்?"

அவன் முடிச்சைச் சரிசெய்துகொண்டு துடைப்பக் கட்டையை எடுத்து மூலையில் வைத்தான். பிறகு, "மொத்த யார்டும் அப்படித்தான் மாட்டியிருக்கு," என்றான்.

"மொத்த யார்டும் அந்த வளைவுலதான் சுத்துது."

நீளக் கம்பிகளுக்காகவும் சண்டை போட்டேன். சரிவாக மாட்டினால் பாடி சாயும்போது ஆக்சில் தானாகக் கொஞ்சம் திரும்பும், அது கார் வளைய உதவும் என்றான். உதவும்தான், ஆனால் எங்கள் காரில் அந்தச் சரிவுக் கம்பி வெளிப்பக்கத்தில் மாட்டியிருந்தது, எடை முழுக்க ஏறி நிற்கிற சக்கரத்தில். அது பின்பக்கத்தை வெளியே தள்ளத்தான் உதவியது. இரண்டையும் மட்டமாக வை என்றேன். பக்கம் மாற்றிப் போட்டால் போதுமே, வேகம் கிடைக்குமே என்றான். பின் சக்கரம் எனக்காகத் திரும்ப வேண்டாம், திருப்ப வேண்டியதை நான் திருப்பிக்கொள்கிறேன் என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ராடை நானே செய்வித்தேன். தடித்த பைப்பாகப் பார்த்து எடுத்து, லேத் கடையில் நின்று இரண்டு முனையிலும் மரை போட்டு வாங்கினேன். கரண்ட் வந்த நேரத்தில் தம்பி பிராக்கெட்டுகளை வெட்டி எடுத்து எதிர்ப்பக்கங்களில் வெல்டு வைத்தான். ஆக்சில் நடுவில் நிற்கும்படி ராடின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தவள் நான். அவன் நல்ல வேலைக்காரன். வெல்டு பார்க்க அழகாக இருந்தது. ஒரே ஒரு ஞாயிறு மட்டும் நீ ஓட்டிக் காட்டு என்றான்.

ஓட்டிக் காட்டினேன். ஆற்றுப்பக்கத்து வளைவில் நுழையும்போது பயம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பாதி வளைவில், வழக்கமாகக் கழன்றுபோகிற அந்த இடத்தில், பின்பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நான் இன்னும் கொஞ்சம் மிதித்தேன். இன்னும் உட்கார்ந்தது. ஹெல்மெட்டுக்குள் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை, நல்ல வார்த்தையாக இருக்காது. எல்லோருக்கும் முன்னால் வந்தேன். அந்த மொஹிங்காவை நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

குடித்துவிட்டுத் திரும்பி வந்து காரில் ஏறினேன். பெடல் காலுக்கு எட்டவில்லை.

முதலில் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். சீட் பின்னால் போயிருந்தது. எனக்காகப் போட்ட ஓட்டைகள் காலியாக இருந்தன. தம்பி கையில் ஸ்பானருடன் நின்றான். பக்கத்தில் ஊலேயின் மருமகன், நல்ல உயரமான ஆள், சங்கடமாகச் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அடுத்த ஞாயிறு வெளியூர்ல, கியாக்தான்ல இருந்து ஆளுங்க கார் கொண்டு வர்றாங்க," என்றான் தம்பி. "பெரிய ஓட்டம். இப்பதான் கார் சரியாயிருச்சே அக்கா. உன் கையில தப்பில்லன்னு எல்லாரும் பாத்தாச்சு. அது போதும்ல?"

போதாது. கார் கெட்டிருந்தபோது குற்றம் என் கைக்கு. கார் சரியானதும் சீட் இன்னொருவருக்கு. இதில் எனக்கு எது போதும் என்று அவன் எப்படித் தீர்மானித்தான்? வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அந்த நாலு பேர் முன்னால் அழுவதாவது.

அவன் கையிலிருந்த ஸ்பானரை வாங்கினேன். காருக்கு அடியில் படுத்தேன். குறுக்கு ராடுக்கு இரண்டே போல்ட். கழற்றினேன். ராடை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "கார் உனக்கும் எனக்கும் பொது. இது என்னோடது," என்று சொல்லிவிட்டு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. பஸ்ஸில் ராடை மடியில் கிடத்தி வைத்திருந்தேன். கிரீஸ் ஆன கையும் தனகா கலைந்த முகமுமாக இருந்த என் பக்கத்தில் யாரும் உட்கார வரவில்லை. நல்லதுதான், ராடுக்கு இடம் வேண்டும்.

வீடு சேர்வதற்குள் போன் வந்தது.

"அக்கா, காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போக முடியல. பின்னாடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது."

"ஆடும்," என்றேன். வைத்துவிட்டேன்.

இன்னொரு ராடு செய்ய அவனுக்கு ஒரு மத்தியானம் போதும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஒவ்வொரு நாளும் அவன் செய்திருப்பான் என்றே நினைத்துக்கொண்டு அலுவலகம் போய்வந்தேன். செய்தால் செய்யட்டும், என் ராடு என் கட்டிலுக்கடியில் கிடக்கட்டும் என்று வீம்பாக இருந்தேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான்.

"ராடு செய்ய உக்காந்தேன் அக்கா. பைப்பைக்கூட வெட்டிட்டேன். அதுக்கு மேல கையே வரல." கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு வா. ஊலேக்கு என்ன சொல்றதுன்னுதான் தெரியல," என்றான்.

"ஊலேகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஞாயிறு காலை ராடைத் தோளில் வைத்துக்கொண்டு யார்டுக்குள் நுழைந்தேன். கியாக்தான் ஆட்கள் வந்திருந்தார்கள். ஊலே மரத்தடியில் நாற்காலியில் இருந்தார். அவர் மனைவி பலகையில் பழைய தேங்காயை எடுத்துவிட்டுப் புதிதைக் கட்டிக்கொண்டிருந்தார். நேராகப் போய்ப் பர்மிய மொழியில் கேட்டேன்.

"ஊலே, இந்தச் சாமிக்குத் தேங்காய் மாற்றுவது எப்போதும் அத்தைதானா?"

"ஆமாம் தமீ, அவள்தான்," என்றார். தமீ என்றால் மகளே என்று அர்த்தம்.

"சாமி அவர்மேல் எப்போதாவது கோபப்பட்டிருக்கிறதா?"

ஊலே பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் சிரித்துவிட்டார். சிவப்புத் துணியை இறுக்கி முடிந்துகொண்டே, "இவர் கட்டினால்தான் தேங்காய் கழன்று விழும்," என்றார். கூட்டம் சிரித்தது. ஊலேயும் வேறு வழியில்லாமல், "யாடே, யாடே," என்று கையை அசைத்தார். சரி, போ என்று அர்த்தம். மருமகன் எனக்கு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தான். பாவம், அவனுக்கு அந்தச் சீட்டில் அவ்வளவு ஆசை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

காரிடம் வந்தேன். தம்பி ராடை வாங்கக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. முதலில் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். சீட் முன்னால் வந்திருந்தது, என் ஓட்டைகளில் புது போல்ட் இருந்தது. காலை நீட்டினேன். பெடல் எட்டியது. அதற்குப் பிறகுதான் ராடை ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டினேன்.

அவன் அடியில் படுத்து மாட்டினான். கியாக்தான் கார்கள் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டிருந்தன. கீழேயிருந்து ஸ்பானர் சத்தம் நின்றது.

"முறுக்கிட்டேன் அக்கா. நீளம் சரியான்னு ஒரு தடவை இறங்கிப் பாத்துரு."

பார்க்க வேண்டியதுதான். எப்போதும் நான்தான் பார்ப்பேன். ஆனால் போன ஞாயிறு நான் இறங்கிய நேரத்தில்தான் சீட் பின்னால் போனது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

"இறங்க மாட்டேன்டா," என்றேன். "நீயே பாத்துச் சொல்லு."